நான்காம் அத்தியாயம்: கப்பலேறிய பூட்டனைத் தேடி

அப்டன் பார்க் நிலையத்தில், நகரத்தை நோக்கிப் போகும் நடைமேடையில் இரண்டு தடங்களின் ரயில்கள் நிற்கும். ஒன்று பச்சைக் கோட்டு டிஸ்ட்ரிக்ட் லைன். மற்றது இளஞ்சிவப்புக் கோட்டு ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன். 'ரிச்மண்ட்' என்று பலகை போட்ட பச்சைக் கோட்டு ரயிலில் ஏறினால், எங்கும் மாறாமல் கியூ கார்டன்ஸில் இறங்கலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகம். இளஞ்சிவப்புக் கோட்டு ரயிலில் ஏறினால் கிங்ஸ் கிராஸ். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் யூஸ்டன் ரோட்டில் பிரிட்டிஷ் நூலகம். நம் முன்னோரை ஆண்ட இரண்டு பெரிய அலுவலகங்களின் காகிதங்கள் இந்த இரண்டு கட்டடங்களிலும் இருக்கின்றன. காலனி அலுவலகத்தின் காகிதங்கள் கியூவில், இந்தியா அலுவலகத்தின் காகிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில்.

கிரீன் ஸ்ட்ரீட்டிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் யாழ்ப்பாணத்தார் உண்டு, மலையகத்தார் உண்டு, தமிழ்நாட்டார் உண்டு. பினாங்கு, மொரீஷியஸ், டர்பன் வழியாக வந்தவர்களும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் கதை ஒன்றுதான்: "எங்கட பூட்டன்தான் முதன்முதல் கப்பலேறினவர்." எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து என்று கேட்டால் அங்கே கதை நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து அதைக் காகிதத்தின் துணையோடு முன்னே கொண்டுபோகும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

பெயர் மட்டும் ஆளாகாது

வம்சத் தேடல் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் எழுதப்பட்டவை. அவர்களிடம் குடும்பப் பெயர் இருக்கிறது. தகப்பனின் பெயர் மகனுக்கும் பேரனுக்கும் மாறாமல் இறங்கும், அதைப் பிடித்துக்கொண்டே முந்நூறு நானூறு ஆண்டு பின்னால் போய்விடுவார்கள். 1620 முதல் 1640 வரை இங்கிலாந்திலிருந்து நியூ இங்கிலாந்துக்குக் குடியேறியவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். அவர்களை ஒவ்வொருவராக ஆராயும் பெரும் பணியை ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் 1988இல் தொடங்கினார். மாசசூசெட்ஸ் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது, எசெக்ஸ் தேவாலயப் பதிவேட்டிலும் அதே பெயர் இருக்கிறது என்பதற்காக இருவரும் ஒரே ஆள் என்று அந்தத் துறையில் ஒப்புக்கொள்வதில்லை. கூடக் கப்பலேறியவர் யார், மனைவி யார், எந்த ஊர்க்காரரோடு பழகினார் என்று பல கோணத்திலும் பொருந்த வேண்டும்.

குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கே இவ்வளவு கவனம் தேவையென்றால், நமக்கு இன்னும் எவ்வளவு வேண்டும்! நம்மிடம் தகப்பனின் பெயரே மகனுக்கு முன்பெயர். கந்தையாவின் மகன் கந்தையா சின்னத்தம்பி. அவர் மகன் சின்னத்தம்பி இராசரத்தினம். மூன்று தலைமுறைக்கு ஆங்கிலப் படிவங்களில் மூன்று குடும்பப் பெயர்கள் விழும். பெண்ணுக்குத் தகப்பன் பெயர் போய்க் கணவன் பெயர் வரும். ஆகவே 'சின்னத்தம்பி' என்று தேடுபெட்டியில் தட்டினால் நூறு பேர் வருவார்கள், அவர்களில் நம் ஆள் இல்லாமலும் போகலாம்.

பெயர் மட்டும் இருந்தால் எங்கே நின்றுவிடுவோம் என்பதற்கு ஓர் உதாரணம். 1635ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா காலனியில் ஜார்ஜ் மெனிஃபி என்ற நிலக்காரர் ஒரு பட்டியல் கொடுத்தார். தன் செலவில் ஆளை அழைத்து வருகிறவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்பது அந்தக் காலனியின் விதி. அதற்காகக் கொடுத்த பட்டியலில் ஒரு வரி: 'டோனி, கிழக்கிந்தியர்.' அமெரிக்க மண்ணில் பதிவான முதல் இந்தியர்களில் ஒருவராக இவரைச் சொல்வார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழர் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி இருக்கலாம். ஆனால் அந்த வரியில் தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. 'டோனி' என்பதே யாரோ வைத்த பெயர். அந்த மனிதரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. என்றாலும் பதிவு நிற்கும் இடத்தில் நாமும் நிற்க வேண்டும்.

இந்த நூல் முழுவதும் நான் வலியுறுத்தும் விதியை 'மூன்று முடிச்சு' என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆளின் பெயர்.
2. தகப்பன் பெயர். அது கிடைக்காவிட்டால் மனைவி அல்லது கணவன் பெயர்.
3. ஊர். நாடோ மாவட்டமோ போதாது, கிராமம் வேண்டும்.

மூன்றும் ஒரே ஆளில் வந்து சேரும்போதுதான் அவர் உங்கள் பூட்டன். இரண்டு மட்டும் பொருந்தினால் பென்சிலால் எழுதுங்கள். ஒன்று மட்டும் பொருந்தினால் எழுதவே வேண்டாம்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

எந்த ரயிலிலும் ஏறுவதற்கு முன் டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். இலங்கையிலிருந்து வந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். அதில் தாய் தகப்பன் விவரத்துக்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கட்டம் உண்டு. தகப்பன் இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரைக் கேட்கும் கட்டமும் உண்டு. குடியுரிமையை நிரூபிக்க வைத்த கட்டங்கள் இவை. நமக்கு அவை ஒரே தாளில் மூன்று நான்கு தலைமுறையைத் தருகின்றன. பலர் இந்தச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் வைத்திருப்பார்கள். மூலத்தையே பாருங்கள், மொழிபெயர்ப்பில் ஊர்ப்பெயர் சிதைந்திருக்கும்.

அடுத்தது கல்வெட்டு. யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அதில் இறந்தவரின் தாய் தகப்பன், உடன்பிறந்தார், சம்பந்தம் செய்த குடும்பம், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாம் பாட்டாகவும் உரையாகவும் வரும். இதைவிடச் செறிவான வம்ச ஆவணம் நம்மிடம் இல்லை. உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஏராளமான நினைவு மலர்களை அங்கே ஏற்றி வைத்திருக்கிறார்கள். செய்தித்தாளில் வந்த மரண அறிவித்தல்களையும் விடாதீர்கள். 'இன்னாரின் அன்பு மருமகனும்' என்று ஒவ்வொரு உறவாகச் சொல்லி வருவதால் விட்டுப்போன கிளைகள் அதில் கிடைக்கும்.

மூன்றாவது, காணி உறுதி. சீதன உறுதி, நன்கொடை உறுதி, முதுசக் காணியின் உறுதி எதுவானாலும், அந்தக் காணி கொடுப்பவருக்கு எப்படி வந்தது என்பதை நொத்தாரிசு எழுதியிருப்பார். தேசவழமைச் சட்டம் ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் தொகுக்கப்பட்டது. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி போகும் வழக்கம் அதில் உண்டு. ஆகவே மற்ற ஆவணங்கள் மறந்துவிடும் தாய்வழி, உறுதியில் பெயரோடு நிற்கும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு மொய் நோட்டு இருக்கிறது. எந்த ஊர்க்காரர் எவ்வளவு எழுதினார் என்பதில், உறவு பரவியிருந்த ஊர்களின் வரைபடமே ஒளிந்திருக்கிறது.

ஜாதகம் இருந்தால் அதுவும் நல்ல சான்றுதான், ஆனால் அதில் ஒரு வழுக்கு உண்டு. 'பிங்கள வருஷம்' என்று எழுதியிருந்தால் அது 1857-58ஆகவும் இருக்கலாம், 1917-18ஆகவும் இருக்கலாம், 1977-78ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும். மகனின் பிறந்த ஆண்டை வைத்துச் சுற்றைத் தீர்மானியுங்கள். மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் நான்கையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஐயம் போய்விடும்.

பிறகு பெரியவர்களிடம் பேச்சு. "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. அந்தக் காலத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். நான் அம்மம்மாவிடம் கேட்டது இப்படி:

"அம்மம்மா, பூட்டப்பா மலாயாவுக்கு எப்ப போனவர்?"

"அது ஆருக்கு ராசாத்தி தெரியும்?"

"அவர் போகேக்கை வீட்டிலை ஆரார் பிறந்திருந்தவை?"

"பெரியண்ணை தவழுற பிள்ளை எண்டு அம்மா சொல்லுவா. நான் பிறக்கேல்லை. அவர் கோலாலம்பூர் ரெயில்வேயிலை கிளாக். கூடப் போனது எங்கட சின்னையாவின்ரை மச்சான்."

இந்த நான்கு வரியில் ஓர் ஆண்டு இருக்கிறது, வேலை இருக்கிறது, கூடப் போனவர் இருக்கிறார். மூத்த பிள்ளையின் பிறந்த ஆண்டு தெரிந்தால் கப்பலேறிய ஆண்டு ஒன்றிரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும். கூடப் போனவரின் பெயர் பிறகு பட்டியலில் பக்கத்து வரியில் வந்தால் அது பெரிய சாட்சி.

காது கேட்டதைக் கை எழுதியது

நம் பெயர்களை எழுதியவர்கள் தமிழ் தெரியாத எழுத்தர்கள். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார். கவுண்டர் தென்னாப்பிரிக்காவில் 'கவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். அங்கே பட்டப்பெயர் குடும்பப் பெயராக உறைந்தது, மொரீஷியசில் முதலில் வந்தவரின் சொந்தப் பெயரே பெரும்பாலும் வம்சத்தின் பெயராக நின்றுவிட்டது.

தேடும்போது உயிரெழுத்தை நம்பாதீர்கள், மெய்யெழுத்தின் வரிசையைப் பிடியுங்கள். 'சின்ன' என்பது எஸ், சி, சிஎச் என்ற மூன்று தொடக்கத்திலும் வரும். ககரம் கே ஆகவும் ஜி ஆகவும் மாறும், பகரம் P ஆகவும் B ஆகவும் மாறும், ழகரம் எதுவாகவும் மாறும். ஐயமுள்ள இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். ஊர்ப்பெயருக்கும் இதே கதி. டாஞ்சோர் தஞ்சாவூர், டின்னவெல்லி திருநெல்வேலி, சிங்கிள்புட் செங்கல்பட்டு, நெகபட்டாம் நாகப்பட்டினம் என்று ஒரு பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒருவருக்கு இரண்டு பெயர் இருக்கவும் கூடும். அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. அங்கே படித்த பிள்ளைகளில் பலருக்கு அமெரிக்கப் புரவலர்களின் பெயரைச் சூட்டினார்கள். தர்க்க நூல் எழுதிய சிதம்பரப்பிள்ளை மிஷன் ஏட்டில் வில்லியம் நெவின்ஸ். உங்கள் குடும்பத்தில் மிஷன் தொடர்பு இருந்தால் இரண்டு பெயரையும் தேடுங்கள். அந்த மிஷனை அனுப்பிய பாஸ்டன் சபையின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹவுட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

அப்டன் பார்க்கிலேயே தேட வேண்டியவை

முன்னோர் இங்கே ஏற்கெனவே வந்திருந்தால், முதலில் எல்லையைப் புரிந்துகொள்ளுங்கள். நியூஹாம் என்ற பெயர் 1965 ஏப்ரல் 1க்குப் பிறகுதான். அதற்கு முன் வெஸ்ட் ஹாமும் ஈஸ்ட் ஹாமும் தனித்தனி நகரங்கள், இரண்டும் எசெக்ஸ் கவுண்டியைச் சேர்ந்தவை. எல்லை கிரீன் ஸ்ட்ரீட் வழியாகவே ஓடியது. தெருவின் ஒரு பக்கத்து வீடு வெஸ்ட் ஹாம், எதிர்வீடு ஈஸ்ட் ஹாம். வெஸ்ட் ஹாம் யுனைட்டட் 2016 வரை ஆடிய போலீன் மைதானமே ஈஸ்ட் ஹாம் பக்கத்தில்தான் இருந்தது. 'லண்டன், நியூஹாம்' என்று தேடிக் கிடைக்கவில்லையென்று கைவிட்டவர்கள், 'எசெக்ஸ், வெஸ்ட் ஹாம்' என்றும் 'எசெக்ஸ், ஈஸ்ட் ஹாம்' என்றும் மாற்றித் தேடுங்கள். உள்ளூர்ப் பதிவுகளுக்கு நியூஹாம் ஆவணக் காப்பகமும், பழைய கவுண்டிப் பதிவுகளுக்குச் செம்ஸ்போர்டில் உள்ள எசெக்ஸ் ஆவணக் காப்பகமும் உதவும்.

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. குடிமதிப்புக் கணக்கு பத்தாண்டுக்கு ஒருமுறை. இப்போது பார்க்கக் கிடைப்பதில் கடைசி 1921. 1931 கணக்கு 1942இல் தீயில் எரிந்துபோனது, 1941இல் கணக்கே எடுக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது 1939 செப்டம்பர் 29இல் எடுத்த போர்க்காலப் பதிவேடு. வீட்டுக்கு வீடு பெயர், பிறந்த தேதி, தொழில் மூன்றும் அதில் கிடைக்கும்.

அப்டன் பார்க்குக்குத் தெற்கே ராயல் விக்டோரியா (1855), ராயல் ஆல்பர்ட் (1880), கிங் ஜார்ஜ் (1921) என்ற மூன்று பெரும் கப்பல்துறைகள் இருந்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து கப்பல் வேலைக்கு வந்த லஸ்கர்கள் இங்கே இறங்கினார்கள். இலங்கையில் பிறந்த மலாய் இனத்தவரான கமால் சன்ச்சி என்ற மெதடிஸ்ட் ஊழியர், கறுப்பின, ஆசியக் கடலோடிகளுக்காக 1926இல் கானிங் டவுனின் டைடல் பேசின் ரோட்டில் ஒரு மன்றம் திறந்தார். 1930இல் அது மூடப்பட்டது. உங்கள் முன்னோர் கப்பல் தொழிலாளியாக இருந்திருந்தால், குடிமதிப்பு இரவில் துறையில் நின்ற கப்பல்களுக்குத் தனி அட்டவணை உண்டு என்பதை மறக்காதீர்கள். வீட்டில் கிடைக்காதவர் கப்பலில் கிடைப்பார்.

பச்சைக் கோட்டு ரயில்: கியூ

இலங்கை 1802 முதல் நேரடியாக முடியாட்சியின் காலனி. ஆகவே இலங்கை பற்றிய கடிதப் போக்குவரத்து கியூவில், சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கிறது. மொரீஷியசுக்கு சி.ஓ. 167, நட்டாலுக்கு சி.ஓ. 179. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய அரசின் கீழ் இருந்து, பிறகு காலனி அலுவலகத்துக்கு மாறின. மாறிய பிறகான கடிதங்கள் சி.ஓ. 273இல். இந்த வரிசைகளில் சாதாரணத் தொழிலாளியின் பெயர் அபூர்வமாகவே வரும். அரசாங்க வேலை பார்த்த கிளாக், சர்வேயர், வைத்தியர், பென்சன்காரர் ஆகியோருக்கு அந்தந்தக் காலனியின் அரசிதழ் நல்ல இடம். நியமனம், விடுப்பு, ஓய்வு எல்லாம் அதில் அச்சாகும். 'மலாயாப் பென்சன்' எடுத்த பூட்டன்மாரை அங்கே பிடிக்கலாம்.

இங்கிலாந்துக்கே கப்பலில் வந்தவர்களுக்குப் பயணிகள் பட்டியல் இருக்கிறது. வந்தவர்களுக்கு பி.டி. 26 வரிசை, 1878 முதல் 1960 வரை. போனவர்களுக்கு பி.டி. 27, 1890 முதல் 1960 வரை. இரண்டும் கணினியில் ஏறிவிட்டன. கியூ வாசகசாலையில் உட்கார்ந்தால் கட்டணத் தளங்களையும் இலவசமாகப் பார்க்கலாம். கொழும்பிலிருந்து வந்தவரைத் தேடும்போது பலர் செய்யும் தவறு, கப்பல் புறப்பட்ட இடத்தில் 'கொழும்பு' என்று மட்டும் போடுவது. ஓரியன்ட் லைன் கப்பல்களும் பி அண்ட் ஓ கப்பல்களும் ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்டுக் கொழும்பில் ஆளேற்றி டில்பரிக்கு வந்தன. பட்டியலின் தலைப்பில் 'சிட்னி' என்றே இருக்கும். உள்ளே, ஏறிய துறைமுகம் என்ற இடத்தில்தான் கொழும்பு வரும். 1960க்குப் பிறகு வந்தவர்களுக்கும் விமானத்தில் வந்தவர்களுக்கும் இந்தப் பட்டியல் இல்லை. 1983க்குப் பிறகு வந்த குடும்பங்கள் தங்கள் பழைய பாஸ்போர்ட்டையும் உள்துறை அமைச்சுக் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். அவையே உங்கள் பயணிகள் பட்டியல்.

கடலோடிகளுக்கு மாலுமி ஒப்பந்தப் பட்டியல்கள் உண்டு. 1915ஆம் ஆண்டுப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பெயர் போட்டுத் தேடலாம். 1863க்குப் பிந்தைய மற்ற ஆண்டுகளின் பட்டியல்களில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கிறது. ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்குரியவை பெரும்பாலும் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில்.

கியூவில் மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று எடுத்துப் போங்கள். பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும். கைபேசியில் படம் எடுக்கலாம். படம் எடுக்கும்போது முதல் படம் கோப்பின் அட்டையும் எண்ணுமாக இருக்கட்டும். எண் இல்லாத படம் ஆறு மாதம் கழித்துப் பயன்படாது.

இளஞ்சிவப்புக் கோட்டு ரயில்: கிங்ஸ் கிராஸ்

சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களுக்கு இந்தியா அலுவலகப் பதிவுகள். பிரிட்டிஷ் நூலகத்தில் இவை அலமாரி அலமாரியாக 14 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பங்கள் சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை, அதாவது என்/2 வரிசையை, முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஐரோப்பியருடையவை என்றாலும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் இடையிடையே வருவார்கள். மற்றவர்களுக்குச் சென்னை அரசின் நடவடிக்கைத் தொகுதிகள். குடிபெயர்ச்சிப் பாதுகாவலரின் ஆண்டறிக்கைகளில் எந்த ஆண்டு எந்தக் கப்பல் எத்தனை பேரோடு எந்தக் காலனிக்குப் போனது என்ற கணக்கு இருக்கும். ஆளின் பெயர் தெரியாவிட்டாலும், கதையில் சொன்ன ஆண்டில் அப்படியொரு கப்பல் போனதா என்று சரிபார்க்க அது போதும்.

2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பிறகு இந்த நூலகத்தின் சேவைகளைப் படிப்படியாகத்தான் மீட்டு வருகிறார்கள். வேண்டிய தொகுதியை வரவழைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

லண்டனில் இல்லாதவை

ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் ஆள்வாரிப் பதிவேடு லண்டனுக்கு வரவில்லை, அவர்கள் இறங்கிய நாட்டிலேயே தங்கிவிட்டது. சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு டர்பனைச் சேர்ந்தது 1860 நவம்பர் 16இல். அன்று தொடங்கி 1911 வரை நட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு வரி. அந்தக் கப்பல் பட்டியலின் ஒரு வரியை நிதானமாகப் படித்துப் பாருங்கள்: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். நாம் தேடும் மூன்று முடிச்சும் ஒரே வரியில்! 'இடது புருவத்தின் மேல் தழும்பு' என்பது போன்ற குறிப்பைப் படிக்கும்போது ஒரு மனிதர் முன்னால் வந்து நிற்பார். அவரை மந்தைபோல் எண்ணிட்டு அனுப்பிய அதே காகிதம், அவருடைய தகப்பனையும் ஊரையும் நமக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மேலும் கீழும் உள்ள வரிகளையும் படியுங்கள். ஒரே கிராமத்தார் ஒன்றாகப் பதிந்திருப்பார்கள். அண்ணன் தம்பி அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள். மொரீஷியசின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிற்காலத்தவர்கள் பலருக்குப் புகைப்படமும் உண்டு. பிஜிக்குச் சென்னைக் கப்பல்கள் 1903 முதல் போயின. அவர்களின் குடிபெயர்ச்சிச் சீட்டுகள் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில்.

கங்காணி மூலம் மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டத்துக்கும் போனவர்களுக்கு இப்படிப்பட்ட ஆள்வாரிச் சீட்டு பெரும்பாலும் கிடைப்பதில்லை. இலங்கைக்குப் போனவர்கள், மண்டபம் முகாமைக் கடந்து, தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். 1914 முதல் தனுஷ்கோடி தலைமன்னார் கப்பல், 1964 புயலோடு அதுவும் முடிந்தது. மலையகக் குடும்பங்களுக்கு நான் சொல்வது: தோட்டத்துச் செக்ரோல், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமைக்குக் கொடுத்த மனு, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு எடுத்த இந்தியப் பாஸ்போர்ட். இந்த நான்கில் ஏதோ ஒன்றில் பூர்வீகக் கிராமம் எழுதப்பட்டிருக்கும். வீட்டில் பழைய காகிதக் கட்டு இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது

கிராமத்தின் பெயர் கிடைத்ததும் இன்றைய மாவட்டத்தைக் கண்டுபிடியுங்கள். பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை. தென் ஆற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. ஒரே பெயரில் பல கிராமம் இருக்கும் என்பதால் தாலுகாவையும் சேர்த்தே பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா, அ பதிவேடு கேட்கலாம். நிலம் வைத்திருந்த குடும்பமென்றால் யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய எஸ்.எல்.ஆர். என்ற நிலவரித் திட்டப் பதிவேடு இன்னும் பின்னால் கொண்டுபோகும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய மாவட்டப் பதிவுகள் உள்ளன.

நிலமில்லாமல் கப்பலேறியவர்களே அதிகம். அவர்களுக்குக் குலதெய்வம்தான் முகவரி. குலதெய்வத்தின் பெயரையும் கோயில் இருக்கும் எல்லையையும் குடும்பம் மறந்திருக்காது. அந்தக் கோயில் பூசாரியிடமும், பங்குனி உத்திரத்துக்கோ சிவராத்திரிக்கோ அங்கே கூடும் பங்காளிகளிடமும் கேட்டால், கடல் கடந்து போன ஒரு கிளையின் நினைவு இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவகமும் கோயில், தேவாலயப் பதிவேடுகளும் இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது திரும்பி வராத ஏடுகள் பல போயின. அதன் பிறகு வந்த போரில் வீட்டுக்கு வீடு பெட்டிகள் போயின. அதனால்தான் ஒருவர் கையில் மிஞ்சிய கல்வெட்டைப் படமெடுத்து நான்கு வீட்டுக்கு அனுப்புவது இன்று ஒரு கடமை.

முடிச்சைச் சோதியுங்கள்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பூட்டனின் பெயர், ஏறக்குறைய வயது, 'யாழ்ப்பாணம்' என்ற ஊர் மூன்றும் உள்ள ஒரு நியமன வரியை மலாயா அரசிதழில் கண்டேன். மகிழ்ச்சியில் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் அன்று பூட்டனின் படத்துக்கு விளக்கேற்றினார். பதினொரு மாதம் கழித்து ஒரு கல்வெட்டு கைக்கு வந்தது. அதன்படி எங்கள் பூட்டன் அந்த நியமனத் தேதிக்கு ஓராண்டு கழித்தே ஊரை விட்டுப் புறப்பட்டவர். நான் கண்டவர் வேறொரு வீட்டின் பூட்டன். யாழ்ப்பாணம் ஒரு கிராமம் அல்ல என்பதை அன்று நான் மறந்திருந்தேன். தகப்பன் பெயரைப் பார்க்கவே இல்லை.

ஆகவே ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே ஆவணத்தின் பெயரும் எண்ணும் பார்த்த தேதியும். நடுவே ஆவணத்தில் உள்ளது உள்ளபடி, எழுத்துப்பிழையோடு. கீழே மூன்று கட்டம்: பெயர், தகப்பன், ஊர். கிடைக்காத கட்டம் காலியாகவே இருக்கட்டும். பிறகு ஒரு கேள்வி: இந்த ஆள் வேறு யாராகவும் இருக்க முடியுமா? முடியுமென்றால் அந்த வேறொருவரையும் தேடி, அவர் நம்மவர் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

நான் மீண்டும் கியூவுக்குப் போக ஆரம்பித்தேன். நான்காவது சனிக்கிழமை சரியான வரி கிடைத்தது. ரயில்வே, கிளாக், அம்மம்மா சொன்ன அதே துணையின் பெயர் இரண்டு வரிக்குக் கீழே. அப்டன் பார்க்கில் இறங்கி நடந்துகொண்டே பெரியம்மாவை அழைத்தேன். இந்த முறை அவர் விளக்குப் பேச்சு எடுக்கவில்லை. முதலில் ஒன்றுதான் கேட்டார்:

"தகப்பன்ரை பேர் சரியா இருக்கோ, பிள்ளை?"